வினையும் மனையும்: சின்னத்திரையில் உழைக்கும் பெண்ணும் ஆண்மையின் இலக்கணமும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் புத்தலப்பட்டு. தமிழகத்தின் வட எல்லையென்று தொல்காப்பியப் பாயிரம் சுட்டும் வேங்கடமலை அவ்வூருக்கு அணித்தே உள்ளது. 1911-இல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலத்தோடு இணைந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்திற்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. புத்தலப்பட்டு சித்தூரிலேயே நின்றது. கோடுகள் இவ்வாறு பலமுறை மாறினாலும், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அந்நிலத்தின் இயல்பு மாறவில்லை. மாலையில் விளக்கேற்றியபின், ஒரே வீட்டில் சன் தொலைக்காட்சியின் தமிழ்த் தொடரும் ஜெமினி தொலைக்காட்சியின் தெலுங்குத் தொடரும் மாறி மாறி ஓடுவது அங்கே புதுமையன்று.

அத்தொடர்களில் வேலைக்குச் செல்லும் பெண்ணைப் பற்றி நம் மேடைகளிலும் மலர்களிலும் நிறையவே பேசியிருக்கிறோம். அவளுக்கு அருகில் நிற்கும் ஆணைப் பற்றிப் பேசியது குறைவு. பெண் அலுவலகத்திற்குப் போனாள். அப்போது ஆண் எங்கே போனான்? இக்கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, தமிழர் கண்ட திரைக்கதைகளின் அரை நூற்றாண்டு வரலாற்றை ஒருமுறை நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோழி சொன்ன சொல்

இக்கேள்விக்குத் தமிழில் மிகப் பழைய வேர் உண்டு. குறுந்தொகையின் 135-ஆம் பாடல் பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியது. ஆடவர்க்குத் தொழிலே உயிர், இல்லத்தில் உறையும் பெண்டிர்க்குக் கணவரே உயிர் என்னும் கருத்தை அதிலே காண்கிறோம். திருமண வாழ்த்துரைகளிலும் பட்டிமன்றங்களிலும் இதனை எடுத்துக்காட்டி, பண்டைத் தமிழர் வகுத்த பணிப் பங்கீடு இதுவே என்று கூறுவோர் பலர்.

ஆனால் பாடலை முழுமையாகப் படிப்போர்க்கு வேறொன்று புலப்படும். அக்கூற்று புலவரின் சட்டமன்று. தலைவன் முன்பு சொன்ன சொல். பொருள்தேடப் பிரியப் போகிறான் என்று கலங்கும் தலைவியிடம் தோழி அதனை நினைவூட்டுகிறாள். இவ்வாறு சொன்னவர் அவரே அல்லவா, ஆகவே அழாதே, அவர் பயணம் தவிர்வார் என்று தேற்றுகிறாள். ஆணின் பெருமையைப் பேசிய சொல்லே அவனை வீட்டில் நிறுத்தும் கயிறாகிவிடுகிறது. செலவழுங்குதல் என்று அகத்திணை மரபு இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. தொழிலுக்கும் துணைக்கும் இடையே நின்று தயங்கும் ஆண், ஆண்மை குறைந்தவனாக அங்கே கருதப்படவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பெண்டிர் வினையற்றவராய் இருந்தனர் என்பதும் உண்மையன்று. தினைப்புனம் காத்தவளும், உப்பு விற்றவளும், நூல் நூற்ற பருத்திப் பெண்டிரும் சங்கப் பாடல்களிலேயே இருக்கின்றனர். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் செய்தது அரசியற் பணியன்றோ? உழைப்பு அன்றும் இருபாலர்க்கும் பொதுவே. ஆயினும் உழைப்பினால் வரும் பெயர் மட்டும் ஒருபாலர்க்கே உரியதாயிற்று.

வெள்ளித்திரை போட்ட கோடு

சின்னத்திரைக்கு அடித்தளம் இட்டது வெள்ளித்திரை. அதிலும் கே. பாலசந்தரின் இரு படங்களைத் தனித்துக் கூற வேண்டும். 1969-இல் வெளிவந்த ‘இரு கோடுகள்’ படத்தில் சௌகார் ஜானகி மாவட்ட ஆட்சியர். அவரை முன்பு மணந்து பிரிந்த ஜெமினி கணேசன் அதே அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் கணவன் மேல், அலுவலகத்தில் மனைவி மேல் என்னும் இந்த ஏற்பாட்டில் நாடகம் தானே பிறந்துவிடுகிறது. தமிழில் அலுவலகக் கதை என்று சொல்லத்தக்கவற்றுள் இதற்கு முதன்மையான இடம் உண்டு. 1972-இல் இதே கதை ‘கலெக்டர் ஜானகி’ என்று தெலுங்கிலும் வந்தது.

இக்கதை வெறும் கற்பனையன்று. இந்திய ஆட்சிப் பணியில் 1951-ஆம் ஆண்டுத் தொகுதியில் சேர்ந்த முதற்பெண் அன்னா ராஜம் ஜார்ஜ், சென்னை மாகாணத்தைத் தேர்ந்தெடுத்து ஒசூரில் துணை ஆட்சியராகப் பணியாற்றினார். அவருடைய பணி ஆணையில், திருமணம் செய்துகொண்டால் பணி நீக்கப்படலாம் என்ற நிபந்தனை இருந்தது. விதி பின்னரே மாறியது. அயலகப் பணியில் இருந்த சி. பி. முத்தம்மா இத்தகைய விதிகளை எதிர்த்து வழக்காட, 1979-இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவற்றைக் கடுமையாகச் சாடினார். அதிகாரம் உள்ள பெண்ணுக்குக் குடும்பம் இராது, குடும்பம் உள்ள பெண்ணுக்கு அதிகாரம் இராது என்பதே அந்நாளைய அரசு விதி. ‘இரு கோடுகள்’ படமும் அவ்விதியை மீறவில்லை. ஆட்சியர் ஜானகி இறுதியில் விட்டுக்கொடுத்து விலகிச் செல்கிறாள். எழுத்தர் தன் இல்லத்தில் இருக்கிறார்.

1974-இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’ இன்னும் கசப்பானது. சுஜாதா ஏற்ற கவிதா என்னும் பெண்ணின் ஊதியத்தில் ஒரு பெருங்குடும்பமே உண்கிறது. தந்தை துறவு பூண்டு வீட்டை விட்டுப் போய்விட்டார். அண்ணன் குடித்துத் திரிகிறான். 1976-இல் ‘அந்துலேனி கதா’ என்று தெலுங்கில் பாலசந்தரே இதனை மீண்டும் எடுத்தபோது, ஜெயப்பிரதா அந்தப் பெண்ணாகவும் ரஜினிகாந்த் அந்த அண்ணனாகவும் நடித்தனர். வேங்கடத்தின் இருபுறத்தாரும் ஒரே கதையை இரு மொழிகளில் கண்டு கண்ணீர் வடித்தனர்.

இவ்விரு படங்களிலிருந்து தமிழ்த்திரைக்கு ஒரு சூத்திரம் கிடைத்தது. பெண் வேலைக்குப் போவது ஆண் தவறியதால்தான் என்பதே அது. ஆண் ஓடிப்போனான், குடித்தான், இறந்தான், அல்லது கைவிட்டான்; ஆகவே அவள் போனாள். வேலை அவளுடைய விருப்பமன்று, விதி. ஆண் திருந்திவிட்டால் அவள் வீடு திரும்பலாம் என்பது இதன் சொல்லாத பொருளாகும்.

வீட்டுக்குள் வந்த திரை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. தேசிய அளவில் முதல் நெடுந்தொடராகிய ‘ஹம் லோக்’ 1984-இல் வந்தது. 1989-இல் கவிதா சௌத்ரி எழுதி இயக்கி நடித்த ‘உடான்’, காவல்துறை அதிகாரியாக உயரும் பெண்ணைக் காட்டியது. தம் தமக்கையும் காவல் அதிகாரியுமான காஞ்சன் சௌத்ரியின் வாழ்வைத் தழுவி அவர் அதனைப் படைத்தார். அத்தமக்கையார் 2004-இல் உத்தராகண்டத்தின் காவல்துறைத் தலைவரானார். அத்தொடரில் குறிப்பிடத்தக்கது நாயகியின் தந்தை. சொத்தில் வஞ்சிக்கப்பட்ட அவர் மகளைப் படிக்க வைத்து முன்னே தள்ளுகிறார். ஆண் தவறியதால் பெண் உயர்ந்தாள் என்ற சூத்திரத்திற்கு மாறாக, ஆண் துணை நின்றதால் பெண் உயர்ந்தாள் என்று காட்டிய அரிய தொடர் அது.

1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் நாள்தோறும் வரும் நெடுந்தொடர்களின் காலம் பிறந்தது. 1999 முதல் 2001 வரை ஓடிய ராதிகாவின் ‘சித்தி’ இரவு உணவின் நேரத்தையே மாற்றியது. ‘பின்னி’ என்ற பெயரில் ஜெமினியில் அது தெலுங்கு பேசியது. பின்னர் ‘அரசி’யில் ராதிகா காவல் அதிகாரியாகவும் வந்தார். ஆயினும் அலுவலகத்தையும் தொழிலையும் கதையின் நடுவே வைத்து நெடுங்காலம் ஓடிய தொடர் என்றால் ‘கோலங்கள்’ நினைவுக்கு வரும்.

தோழியின் இடத்தில் தோழன்

திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் நிறைவுற்றது, 1,533 பகுதிகள். தேவயானி ஏற்ற அபி, கட்டுமானத் துறையில் உழைத்து, பின் தானே தொழில் நடத்தும் நிலைக்கு உயர்கிறாள். அவளைச் சுற்றி மூன்று ஆண்கள் நிற்கின்றனர். அம்மூவரையும் அறிந்தால் தமிழ்ச் சின்னத்திரை கண்ட ஆண்மையின் வகைகளை அறிந்ததாகும்.

முதலாமவன் கணவன் பாஸ்கர். மனைவியின் ஊதியம் வேண்டும். ஊதியம் தரும் துணிவு மட்டும் அவளுக்கு வேண்டாம். இவன் ‘அவள் ஒரு தொடர்கதை’யின் அண்ணனுக்குத் தம்பிமுறை ஆவான். இரண்டாமவன் ஆதித்யா. தொழில்துறையில் அபியை அழிக்க முனையும் இவன், அவள் தந்தையின் மற்றொரு குடும்பத்தில் பிறந்தவன். தொழிற்போட்டி என்று தொடங்குவது கடைசியில் உடன்பிறப்புப் பூசலாகவும், தந்தையின் பெயருக்கு உரியவர் யார் என்ற வழக்காகவும் மாறுகிறது. உழைத்துச் சேர்ப்பதைவிட உடைமையைக் காப்பதே இவனுக்கு ஆண்மை. மூன்றாமவன் தோழன் தொல்காப்பியன். இயக்குநரே ஏற்ற பாத்திரம். உரிமை கோராமல் உடன் நிற்பவன்.

இம்மூன்றாமவனின் பெயர் தற்செயலாக அமைந்ததோ, எண்ணி வைத்ததோ, இலக்கியம் பயின்றோரை அது நின்று நோக்கச் செய்யும். அகத்திணை மரபில் தலைவியின் துன்பத்தைக் கேட்பவள், வழி சொல்பவள், துணிவு தருபவள் தோழி. ‘கோலங்கள்’ அவ்விடத்தில் ஓர் ஆணை நிறுத்தியது. பெண்ணின் வெற்றியால் சிறுமை அடையாத ஆண் ஒருவன் இருக்க முடியும் என்பதை ஆறாண்டுக் காலம் நாள்தோறும் காட்டியது. இது சிறு செயலன்று.

ஆனால் அதனோடு ஒரு தயக்கமும் இருந்தது. அந்த நல்ல ஆண் வீட்டுக்கு வெளியேதான் நின்றான். கணவன் என்னும் இருக்கையில் அமர்ந்தவன் கொடியவனாகவே இருந்தான். துணை நிற்கும் ஆணை மணவாழ்வுக்குள் வைத்துக் காட்டக் கதைக்குத் துணிவு வரவில்லை.

இன்னொன்றும் கூற வேண்டும். அபியின் தொழில் கட்டடம் கட்டுவது. நம் ஊர்க் கட்டடப் பணியிடங்களை அறிந்தோர்க்குத் தெரியும், அங்கே ஆண் கொத்தனார், பெண் சித்தாள். கலவை சுமந்து பல்லாண்டு பழகிய சித்தாளும் கரண்டி பிடித்துக் கொத்தனாராவது அரிது, கூலியும் குறைவு. தமிழ்நாட்டில் பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்புக்குக் கீழே வைக்கப்பட்டிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பணியிடம் வேறு இல்லை. தொடரின் ஒளி பெரும்பாலும் முதலாளியின் மேசை மீதும் தொலைபேசி மீதும் கோப்புகள் மீதுமே விழுந்தது. சாரத்தில் ஏறி இறங்கிய பெண்ணின் கதை அந்த மேசைக்கு வந்துசேரவில்லை. தொழிற்சாலைகளைப் பற்றிய 2019-20 ஆண்டு ஆய்வின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களுள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டினர். அவர்களின் பணிமனைகளும் விடுதிகளும் சின்னத்திரையில் இன்னும் அரிய காட்சிகளே.

சட்டம் முந்தியது, கதை பிந்தியது

ஆதித்யாவின் சினத்திற்கு வேர் சொத்து என்றோம். சொத்தே ஆண்மையின் அடிப்படை என்று கண்டு அதனை அசைக்க முனைந்த வரலாறும் நமக்கு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார், ஆண்மை என்ற கருத்தே ஒழிந்தாலன்றிப் பெண்விடுதலை இல்லை என்று வாதிட்டார். பாரதிதாசன் தம் ‘குடும்ப விளக்கு’ நூலில், கணவன் வெளியே சென்றபோது கடையைத் தானே நடத்தும் தலைவியைப் படைத்தார்.

தீர்மானம் சட்டமாக அறுபதாண்டுகள் ஆயின. இதில் வேங்கட நாட்டுக்கு ஒரு முந்துரிமை உண்டு. திரையில் இராமனாகவும் கண்ணனாகவும் வீரத்தின் வடிவமாக நின்ற என். டி. ராமராவ் ஆந்திர முதலமைச்சரானபின், 1983-இல் திருப்பதியில் பெண்களுக்கென்றே பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் தோன்றியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தரும் ஆந்திரத் திருத்தச் சட்டம் 1986-இல் வந்து, 1985 செப்டம்பர் முதலே செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கலைஞர் மு. கருணாநிதி ஆட்சியில் அதே உரிமை 1989-இல் வந்தது. இந்தியா முழுமைக்கும் 2005-இல். புத்தலப்பட்டில் பிறந்த பெண்ணுக்குக் கிடைத்த உரிமைக்காக, ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குச் சற்றே அப்பால் காட்பாடியில் பிறந்தவள் மேலும் சில ஆண்டுகள் காத்திருந்தாள். அதற்கு முன்பே மணமாகிவிட்ட மகளிர்க்கு அவ்விரு மாநிலச் சட்டங்களும் இடந்தரவில்லை.

ஆக, 2003-இல் ‘கோலங்கள்’ தொடங்கியபோது, தென்மாநிலங்களில் மகளின் உரிமை ஏட்டில் எழுதப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. எனினும் திரையில் அவள் தன் பங்கைக் கேட்பவளாக அல்லாமல், பங்கை விட்டுக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பவளாகவே பெரிதும் போற்றப்பட்டாள். பையெழுத்தைவிடக் கையெழுத்து பெரியது என்று சிற்றூர் மக்கள் அறிவர். உழைப்பைத் தந்த பெண்ணுக்குக் கையெழுத்தைத் தர நம் கதைகள் நெடுநாள் தயங்கின.

அத்தயக்கத்தை அதே இயக்குநர் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில் நேரே எதிர்கொண்டார். ஆதி குணசேகரன் குடும்பத்தில் மருமகளாக வருபவள் படித்தவளாக இருக்க வேண்டும். ஆனால் வேலைக்குப் போகக் கூடாது. பட்டம் வீட்டின் பெருமைக்கு, அடுக்களை அவளுக்கு. குணசேகரனின் அதிகாரமோ, முதிய பாட்டியின் பெயரில் நூற்றுக்கு நாற்பது பங்கு சொத்து இருக்கிறது என்று தெரியவந்ததும் ஆட்டங்காண்கிறது. குரலும் மீசையுமாய்த் தோன்றிய ஆண்மை, ஒரு கைந்நாட்டைக் கண்டு அஞ்சுவதை நாடு முழுதும் கண்டது.

அப்பாத்திரத்தை ஏற்ற ஜி. மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8-ஆம் நாள் அத்தொடரின் ஒலிப்பதிவுப் பணியின்போது நலங்குன்றி மறைந்தார். தமிழுலகம் உண்மையாகவே வருந்தியது. நடிகரின் திறமைக்குச் செலுத்திய அஞ்சலி அது. ஆயினும் ஒன்றை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பெண்களை அதட்டும் அவருடைய வசனங்களைச் சிறுவரும் பெரியவரும் வேடிக்கையாகத் திரும்பச் சொல்லித் திரிந்தோமே, கண்டித்தற்குரிய குணசேகரன் எப்படி நம் செல்லப்பிள்ளை ஆனான்? கொடுமையைக் காட்டுவதற்காகப் படைத்த பாத்திரத்தில், நம்முள் பலர் இழந்துபோன ஓர் அதிகாரத்தின் இனிய நினைவைக் கண்டோமா? இதற்கு விடை திரையில் இல்லை; பார்த்தவர் நெஞ்சில் இருக்கிறது.

காணாமற்போன நான்காமவன்

2020-இல் விஜய் தொலைக்காட்சியில் ‘பாக்கியலட்சுமி’ தொடங்கியது. வங்காளத்தின் ‘ஸ்ரீமோயி’ தொடரின் தழுவல் அது. அதே ஆண்டில் அதே கதை ‘இண்டிண்டி கிருஹலட்சுமி’ என்று தெலுங்கில் வந்தபோது, நம் கஸ்தூரி நாயகியாக நடித்தார். படிப்புக் குறைந்தவள் என்று கணவன் இகழும் இல்லத்தரசி, தன் சமையற்கலையையே தொழிலாக்கிப் பொருளீட்டுகிறாள். ஊதியமின்றிச் செய்தபோது கடமை எனப்பட்டது, ஊதியத்துக்குச் செய்தபோது திறமை எனப்பட்டது. இவ்வுண்மையை எளிய மக்களுக்கும் விளங்கச் சொன்னது இக்கதையின் சிறப்பு.

ஆனால் அவள் தொழில் நடத்தப் போனபின் அந்த வீட்டு அடுப்பை யார் மூட்டினார்? இதுவே நம் தொடர்கள் கேட்காத கேள்வி. இந்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு எண்களில் விடை தருகிறது. ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். அதிலும் அத்தகைய பணியில் கைவைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்களோ 81 பேர்.

சின்னத்திரை நமக்கு மூவகை ஆண்களைத் தந்தது. உழைப்பை உண்பவன், உடைமையைக் காப்பவன், வெளியே நின்று உதவுபவன். நான்காமவன் ஒருவன் உண்டு. அரிசி களைபவன், குழந்தைக்குத் தலை வாருபவன், மனைவி இரவுப் பணி முடித்து வரும்வரை விழித்திருப்பவன். அவன் தொடர்களில் வந்தால் நகைச்சுவைக்காகவே வருகிறான். பெண்டாட்டிதாசன் என்ற பட்டம் அவனுக்குக் காத்திருக்கிறது. கரண்டி பிடித்த ஆணைக் கண்டு சிரிப்பது, கரண்டி பிடித்த பெண்ணைச் சிறுமைப்படுத்துவதன் மறுபக்கம் அன்றோ?

அந்நான்காமவனைத் தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த தமிழ் இல்லங்களில் அவன் இருக்கிறான். தாயும் மாமியும் அருகில் இல்லாத ஊரில், இருவரும் வேலைக்குப் போனால்தான் வாடகை கட்ட முடியும் என்ற நிலையில், நம் ஆடவர் பலர் சொற்பொழிவு எதுவும் இன்றிச் சமையற்கட்டுக்குள் நுழைந்தனர். செவிலியராகப் பணிபுரியும் மனைவியோடு அயல்நாடு சென்று, அங்கே முதலில் வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்ட கணவர்களை நாம் அறிவோம். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும் அதனைச் சொல்லாமல் மறைத்தவர்களும் உண்டு. மறைக்க வேண்டியிருந்தது என்பதே நம் வரலாற்றின் ஒரு பகுதி.

அதே வீட்டில் மாலையில் தாத்தா பாட்டியோடு அமர்ந்து தமிழ்த் தொடர் பார்க்கும் சிறுவன் இருக்கிறான். தமிழ் கேட்கட்டும் என்றுதான் அவனை அமர்த்துகிறோம். தமிழோடு சேர்ந்து ஆண் என்பவன் எவன் என்னும் பாடத்தையும் அவன் அங்கேயே கற்கிறான். திரையில் குணசேகரன் அதட்டுகிறான். அடுக்களையில் அவன் தந்தை தோசை வார்க்கிறார். இவ்விரண்டில் எது தமிழ் ஆண்மை என்று அவன் கேட்டால் என்ன விடை சொல்வோம்?

குறுந்தொகைத் தோழி நமக்கு ஒரு விடை வைத்திருக்கிறாள். தொழிலே தன் உயிர் என்று சொன்ன அத்தலைவன், துணைவியின் கண்ணீர் கண்டு பயணம் தவிர்வான் என்று அவள் நம்பினாள். ஆண்மைக்கு ஈரமும் ஓர் இலக்கணம் என்பதே அந்நம்பிக்கை. பெண் வினைக்கு வந்துவிட்டாள், அவ்வரலாறு எழுதப்பட்டுவிட்டது. ஆண் மனைக்கு வந்த வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. வேங்கடத்தின் அடியிலும் கடல் கடந்த நாடுகளிலும் அதனை நாள்தோறும் வாழ்ந்துகொண்டிருப்போர் நம்மிடையே இருக்கின்றனர். அடுத்த தொடரை எழுதப் போகிறவர் அவர்கள் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும்.